சுவிட்ச அணைச்ச பெறவும் பல்பு மினுங்குதா? கை வைக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

செங்கோட்டையில எங்க பெரியம்மா வீடு திருவிதாங்கூர் காலத்துல கட்டினது, அதாவது 1956-ல ஊரு தமிழ்நாட்டுப் பக்கம் வர்றதுக்கு முந்தி. வாசப் பக்கம் தார்சா, அடுத்து பட்டாசல்ங்கற ஹாலு, அடுக்களைன்னு நீளமா போகும். கரண்ட் பெறவுதான் வந்துச்சு, அப்ப மரச்சட்டத்து மேல கிளிப் அடிச்சு இழுத்த வயரு பாதி இன்னும் அப்படியே இருக்கு, மீதிய யார் யாரோ வந்து பைப் போட்டு மாத்திருக்காங்க. போன சாரல் சீசன்ல குண்டு பல்பையெல்லாம் கழட்டிட்டு 9 வாட் எல்இடி மாட்டிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரியே போனு. "ஏல, சுவிட்ச அணைச்சாச்சு, பட்டாசல் பல்பு மட்டும் பூனைக்கண்ணு மாதிரி முழிச்சிக்கிட்டே கெடக்கு, கடைக்காரன் ஓட்டை பல்பத் தள்ளிட்டானா?"

பல்பு மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா இந்த மினுக்கல சும்மா விட்டுறக் கூடாது, ஏன்னு சொல்றேன்.

ஒரு லைட்டுக்கு ரெண்டு வயரு போகுது, ஒண்ணு ஃபேஸு, ஒண்ணு நியூட்ரல். தொட்டா அடிக்கறது ஃபேஸு, 230 வோல்ட். சுவிட்சு எப்பவும் ஃபேஸ் வயர வெட்டித்தான் இருக்கணும், அப்பதான் அணைச்சா ஹோல்டர் வரைக்கும் கரண்ட் போகாது. யாராச்சும் அவசரத்துல மாத்தி நியூட்ரல சுவிட்ச்ல குடுத்துட்டாங்கன்னா என்ன ஆகும்னா, ஒண்ணும் ஆகாது, அதான் கொடுமை. போட்டா எரியும், அணைச்சா அணையும், இருபது வருசம் ஆனாலும் யாருக்கும் தெரியாது, ஆனா அணைச்ச பெறவும் ஹோல்டர்ல 230 வோல்ட் உக்காந்திருக்கும். சுவிட்ச அணைச்சாச்சேன்னு தைரியமா ஸ்டூல் போட்டு ஏறி பல்பக் கழட்டறவனுக்குத்தான் அது தெரியும்.

குண்டு பல்பு இருந்தவரைக்கும் இது வெளிய வரல, ஏன்னா அது எரிய நெறைய கரண்ட் வேணும், கசியற துளி கரண்டுக்கு அது அசையாது. எல்இடிக்கு அந்தத் துளி போதும், உள்ள இருக்க கெப்பாசிட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா சேந்து மங்கலா எரியும், இல்ல விட்டு விட்டு மினுங்கும்.

மினுங்கினா எல்லாம் இதே காரணம்னு நெனச்சிராதீங்க. சுவிட்ச்லயே குட்டி செவப்பு லைட்டு எரியற மாதிரி இருந்தா அது வழியாவே கரண்ட் கசியும். மச்சிப்படிக்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு டூவே சுவிட்சு போட்டிருந்தா ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல ரெண்டு வயரு ஒட்டி ஒட்டி போகும், அதுல ஒண்ணுல எப்பவும் கரண்ட் இருக்கும், பக்கத்து வயருக்கு லேசா தொத்திக்கும். இதுக்கெல்லாம் ஹோல்டர்கிட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் வச்சா நின்னுரும், வயர்மேன்ட்ட சொன்னா போதும். இன்னொண்ணு எங்க ஊரு சமாச்சாரம், சாரல் நேரத்துல செவரு ஊறி பைப்புக்குள்ள ஈரம் எறங்கிரும், அதுலயும் கசியும், இதுக்கு பல்ப மாத்தி புண்ணியமே இல்ல.

எதுன்னு பாக்க ஒரு டெஸ்டர் இருந்தா போதும். மொதல்ல நல்லா வேலை செய்ற பிளக்குல குத்தி டெஸ்டர் எரியுதான்னு பாருங்க, இத விட்டுட்டு நேரா ஹோல்டருக்குப் போறவன்தான் ஜாஸ்தி, செத்த டெஸ்டர வச்சு கரண்ட் இல்லன்னு நம்பிருவான். அப்புறம் மெயின அணைச்சு பல்பக் கழட்டிட்டு, லைட் சுவிட்ச ஆஃப்லயே வச்சு மெயினப் போடுங்க. ரப்பர் செருப்பு, காஞ்ச மர ஸ்டூலு, ஈரக் கை கூடாது. ஹோல்டருக்குள்ள இருக்க ரெண்டு முள்ளையும் ஒண்ணொண்ணா தொடுங்க, டெஸ்டர் நுனி ரெண்டையும் சேத்துத் தொட்டுறக் கூடாது. ஒரு முள்ளுல பளிச்னு எரிஞ்சா நியூட்ரல்தான் சுவிட்ச்ல இருக்கு. மங்கலா எரிஞ்சா நான் மேல சொன்ன கசிவு. அதுக்கு மேல போர்ட கழட்டற வேலையெல்லாம் வயர்மேனுக்கு விட்ருங்க, நானும் விட்டுட்டேன்.

வாட்டு பத்தி ஒரு கொழப்பம் எல்லாருக்கும் இருக்கு. வாட்டுன்னா வெளிச்சம் இல்ல, பல்பு திங்கற கரண்டு. வெளிச்சத்துக்கு லூமென்னு அட்டைல போட்டிருப்பான். 60 வாட் குண்டு பல்பு 700 லூமெனுக்குக் கொஞ்சம் முன்னபின்ன குடுக்கும், 9 வாட் எல்இடி 800, 900-ன்னு குடுக்கும். தினம் 6 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாச பில்லுக்கு குண்டு பல்பு 21 யூனிட்டுக்கு மேல, எல்இடி 3 யூனிட்டு சொச்சம். ஆனா எல்இடிய காத்தோட்டமே இல்லாத கண்ணாடி குளோப்புக்குள்ள அடைச்சு வச்சா சூடேறி சீக்கிரம் மண்டையப் போட்ரும்.

பல்பெல்லாம் சவம் கெடக்கட்டும், சுவிட்ச் போர்ட கருக்கறது வேற. சின்ன பிளக்கு 6 ஆம்பியரு, 230-ஆல பெருக்கினா 1380 வாட்டு, அவ்வளவுதான் தாங்கும். சாரல் குளிருக்கு எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் தண்ணி சுட வைக்கற ராடு உண்டு, 1500 வாட்டு, அத சின்ன பிளக்குல கன்வர்ட்டர் (பெரிய பின்ன சின்ன ஓட்டைக்கு மாத்தற கட்டை) போட்டு சொருகுவாங்க. பிளக்கு பழுப்பா நிறம் மாறிருந்தா, சொருகி எடுக்கறப்ப சுட்டா, அதான் காரணம். ராடு, கீசரெல்லாம் 16 ஆம்பியர் பெரிய பிளக்குலதான், அதுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) வயரு இழுத்திருக்கணும், லைட்டுக்குப் போட்ட 1.5-ல இருந்து டேப் பண்ணிருக்கக் கூடாது. ஃபியூஸ் போகுதேன்னு கட்டையில தடிச்ச கம்பிய சுத்தறத தயவுசெஞ்சு விட்ருங்க. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழற சுவிட்சு) இருக்கேன்னும் நம்பாதீங்க, அது வயரக் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது, ஆளுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் வெளிய கசிஞ்சா ஒடனே வெட்டற சுவிட்சு, தனியா போடணும்.

பெரியம்மா வீட்டுக்கு வருவோம். அத்தான் ஒருத்தர் புனலூர்ல வயரிங் வேலை பாக்கறாரு, ஆரியங்காவு வழியா பஸ் ஏறி ஞாயித்துக்கெழம வந்தாரு. டெஸ்டர வச்ச ஒடனே சிரிச்சிட்டாரு, பளிச்னு எரியுது. பட்டாசல், அடுக்களை ரெண்டுலயும் நியூட்ரல்தான் சுவிட்ச்ல. மெயின அணைச்சு மாத்திக் குடுத்துட்டு, ஆர்சிசிபியும் போட்டுட்டு சாயங்காலம் கெளம்பிட்டாரு.

மறுநாளே திரும்ப போனு. "ஏல, ராத்திரி எந்திரிச்சா பட்டாசல் கும்முனு இருட்டா இருக்கு. அந்தப் பூனைக்கண்ணு வெளிச்சத்துலதான நான் பாத்ரூம் போயிட்டிருந்தேன்." பழைய ஜீரோ வாட் பல்பு ஒண்ண பரண்ல இருந்து எடுத்து மாட்டப் போனாங்க, வேண்டாம்னுட்டேன், பேருதான் ஜீரோ, 15 வாட் வரைக்கும் இழுக்கும். அரை வாட் எல்இடி ஒண்ணு வாங்கி தார்சா பக்கம் போட்டிருக்கு.