ஸ்கிரீன்ல ஒண்ணு, உள்ள வேற: தமிழ் டெக்ஸ்ட் பக்கை பிடிக்கிறது எப்படி, பிடிச்சத மீட்டப்புக்கு எடுத்துட்டு போறது எப்படி

தமிழ் பேர், தமிழ் ஊர், தமிழ் மெசேஜ் எதையாவது சேவ் பண்ற ஆப்ல வேலை பார்க்குறீங்கன்னா இந்த டிக்கெட் என்னைக்காவது உங்க கைக்கு வரும். "கோவைன்னு தேடுனா பாதி கஸ்டமர் வரல." டேட்டாபேஸ்ல போய் பார்த்தா கோவைன்னு தான் இருக்கு, தேடுன வார்த்தையும் கோவை தான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கண்ணு வலிக்க பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த மாதிரி பக்ல முதல் பாடமே கண்ணை நம்பக்கூடாதுங்கறது தான்.

உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. பைத்தான்ல பிரிண்ட் பண்ணா பிரயோஜனம் இல்ல, அது அழகா எழுத்தை காட்டிட்டு போயிடும். ஆஸ்கி ஃபங்ஷன்ல போட்டு பிரிண்ட் பண்ணுங்க, ஒவ்வொரு கோட்பாயிண்டும், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் குடுத்த எண்ணும், நம்பரா வெளிய வந்துடும். நம்பர் புரியலன்னா யூனிகோட்டேட்டா மாட்யூல்ல இருக்குற நேம் ஃபங்ஷன் ஒவ்வொண்ணுக்கும் பேரே சொல்லும். அப்படி பார்த்தா தெரியும், ஒரு கோவைல நாலு கோட்பாயிண்ட், இன்னொரு கோவைல அஞ்சு. முதல்ல இருக்குற 'கோ'ல க, அதுக்கப்புறம் ஓகாரக் குறி ஒரே துண்டா இருக்கு, ரெண்டாவதுல க, ஏகாரக் கொம்பு, அப்புறம் கால்னு தனித்தனியா இருக்கு. யூனிகோட் படி ரெண்டும் சரி தான், ஃபான்ட் ரெண்டையும் ஒரே மாதிரி தான் வரையும், ஆனா ஸ்டிரிங் கம்பேரிசனுக்கு ரெண்டும் வேற வேற.

இதுக்கு மருந்து நார்மலைஸ் பண்றது, அதாவது ஒரே எழுத்தோட வேற வேற வடிவத்த ஒரே வடிவமாக்குறது. என்எஃப்சிங்கற வடிவத்துக்கு மாத்துனா ஒ, ஓ, ஔ வரிசை குறி எல்லாம் ஒரே துண்டா சேர்ந்துடும். எங்க பண்றதுங்கறது முக்கியம். டெக்ஸ்ட் உள்ள வர்ற வாசல்ல பண்ணுங்க, அதாவது ஃபார்ம், ஏபிஐ, எக்செல் அப்லோடு மூணுலயும், தேடுற வார்த்தைக்கும் அதே மாதிரி. நடுவுல அங்கங்க பண்ணா எந்த ஸ்டிரிங் மாறிருக்கு எது மாறலன்னு யாருக்குமே தெரியாம போயிடும். ஏற்கனவே இருக்குற டேட்டாவையும் மாத்தணும்ல, அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க: மாத்துனா எத்தனை ரோ ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரி ஆயிடும்னு எண்ணி பாருங்க. ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு யூனிக் கீ போட்ட டேட்டாபேஸ் காலம் (column)னா, பழைய டேட்டாவ மாத்துற மைக்ரேஷன் நடுராத்திரில பாதில நின்னுடும், அப்புறம் ரெண்டு கஸ்டமர்ல எது நிஜம்னு பிசினஸ் ஆளுங்கள எழுப்பி கேக்கணும்.

நார்மலைஸ் பண்ணிட்டோம்னு நிம்மதியா உக்காரவும் முடியாது, அது தொடாத ஒரு கூட்டம் இருக்கு. கௌரின்னு சரியா அடிக்கிறவங்க இருக்காங்க, ஔகாரக் குறிக்கு பதிலா எகரக் கொம்பு போட்டு ள எழுத்தை சேர்த்து கெளரின்னு அடிக்கிறவங்களும் ஏராளம், யூனிகோட் கணக்குல அது ரெண்டும் முழுசா வேற வார்த்தை, நார்மலைஸ் ஒண்ணும் பண்ணாது. ஸ்ரீயும் அப்படித்தான், ஸ வச்சும் அடிக்கலாம், 2005ல யூனிகோட் 4.1ல வந்த ஶ வச்சும் அடிக்கலாம், நிறைய ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவம். அப்புறம் தமிழ் எண்கள். எ இருக்க வேண்டிய இடத்துல ஏழுங்கற எண் ௭ இருக்கும், அ இடத்துல எட்டுங்கற ௮ இருக்கும், பார்த்தா கண்டுபிடிக்கவே முடியாது. பிடிஎஃப்ல இருந்தோ பழைய ஃபான்ட்ல இருந்தோ கன்வர்ட் பண்ண டேட்டான்னா இதெல்லாம் இருக்கும்னு எடுத்துக்கிட்டே ஆரம்பிங்க. இதுக்குன்னு சின்னதா ஒரு மாற்று அட்டவணை நீங்களே வச்சுக்கிட்டு தேடுறதுக்கு மட்டும் யூஸ் பண்ணுங்க, ஒருத்தர் தன் பேரை எப்படி அடிச்சாரோ அத டிஸ்பிளேல மாத்த நமக்கு உரிமை இல்லங்கறது என் கருத்து.

கண்ணுக்கே தெரியாத கேரக்டரும் உண்டு. ஜீரோ விட்த் நான்ஜாயினர்னு ஒண்ணு சில கீபோர்டுல இருந்தும் காப்பி பேஸ்ட்லயும் வந்து ஒட்டிக்கும். அதையும் ஆஸ்கி ஃபங்ஷன் காட்டிக் கொடுத்துடும்.

அடுத்தது நீளம். 'தமிழ்'ங்கற வார்த்தைக்கு நீளம் கேட்டா ஸ்விஃப்ட் 3ன்னு சொல்லும், பைத்தான் ஜாவா ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் 5ன்னு சொல்லும், கோ லாங்வேஜ் 15ன்னு சொல்லும். யாரும் பொய் சொல்லல, முதல்ல சொன்னது எழுத்து, ரெண்டாவது கோட்பாயிண்ட், மூணாவது யூடிஎஃப் 8ங்கற சேமிப்பு முறைல பைட், தமிழ்ல ஒரு கோட்பாயிண்டுக்கு 3 பைட். இந்த மூணுல எத எண்றோம்னு டீம்ல பேசி முடிவு பண்ணலன்னா அடி எங்கெங்க விழும்னு பாருங்க. ஆரக்கிள் டேட்டாபேஸ்ல டெக்ஸ்டுக்கு வார்கேர்2 20ன்னு போட்டா டிஃபால்ட்டா அது 20 பைட், ஆறுமுகம்னு அஞ்சே எழுத்து பேர் 24 பைட், உள்ள போகாது. எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ்னா 160 கேரக்டர், தமிழ்னா 70, அதையும் தாண்டி பிரிஞ்சா ஒரு துண்டுக்கு 67 தான், பில்லிங் டீம் திடீர்னு வந்து நிக்கிறது இதுக்குத்தான். பிரிவியூக்காக ஸ்டிரிங்க பாதில வெட்டுனா புள்ளி மட்டும் கழண்டு போய் பல் பல ஆயிடும். வெட்டுறதா இருந்தா எழுத்து எழுத்தா பிரிச்சுட்டு வெட்டுங்க, பைத்தான்ல ரெஜெக்ஸ்ங்கற தனி பேக்கேஜோட எக்ஸ் பேட்டர்ன், இல்லன்னா ஓப்பன் தமிழ் லைப்ரரில கெட் லெட்டர்ஸ். பைத்தான் கூடவே வர்ற ஆர்இ மாட்யூல தமிழ் வார்த்தை பிரிக்க நம்பாதீங்க, வார்த்தை எழுத்தைத் தேடுற அதோட டபிள்யூ பேட்டர்ன் (\w) உயிர்மெய் குறியையும் புள்ளியையும் வார்த்தையோட பாகமா எடுக்காது, 'தமிழ்' உள்ள போனா 'தம', 'ழ'ன்னு ரெண்டா வெளிய வரும்.

போன மாசம் வரைக்கும் நல்லா ஓடுச்சு இப்ப ஓடலன்னு டிக்கெட் வந்தா கோட உக்காந்து படிக்காதீங்க, கோட் மாற்றங்கள சேமிச்சு வைக்கிற கிட்ல பைசெக்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அத போடுங்க. நல்லா இருந்த கமிட் (சேமிச்ச ஒரு மாற்றம்) ஒண்ணு, கெட்டுப்போன கமிட் ஒண்ணு சொன்னா நடுவுல பாதி பாதியா வெட்டி கொண்டு போகும், 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 தடவை டெஸ்ட் பண்ணா போதும். பைசெக்ட் ரன்னோட சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு குடுத்துட்டா அதுவே ஓட்டிக்கும்: 0ன்னு முடிஞ்சா நல்ல கமிட், 1னு முடிஞ்சா கெட்டது, பில்டே ஆகாத கமிட்டுக்கு 125ன்னு முடிச்சா அத தாண்டி போயிடும். கமிட் சின்ன சின்னதா இருந்தா தான் இதுல பலன், பெரிய கமிட்ல போய் நின்னுச்சுன்னா திரும்ப தேடல் தான்.

இவ்ளோவும் பண்ணியும் மாட்டலன்னா, இல்ல மாட்டியும் ஏன்னு புரியலன்னா, மீட்டப்புக்கு, அதாவது டெவலப்பருங்க கூடிப் பேசுற கூட்டத்துக்கு எடுத்துட்டு போங்க. சென்னைல லினக்ஸ் பயனர் குழுவான ஐஎல்யூஜிசி மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை கூடும், பைத்தான் ஆளுங்களுக்கு சென்னைபை நாலாவது சனிக்கிழமை, காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவான காஞ்சிலக் ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல, அங்க பேச்சு முழுக்க தமிழ்லயே இருக்கும். சும்மா போய் "தமிழ் சரியா வரல"ன்னு சொன்னா யாராலயும் உதவி பண்ண முடியாது. பிரச்சனைய பத்து வரிக்குள்ள சுருக்குங்க, டேட்டாபேஸ் இல்லாம நெட் இல்லாம யார் லேப்டாப்லயும் ஓடணும், எதிர்பார்த்தது என்ன வந்தது என்ன, பைத்தான் வெர்ஷன் ஓஎஸ் வெர்ஷன் என்னன்னு மேலயே எழுதிடுங்க. பாதி நேரம் இப்படி சுருக்கும்போதே காரணம் கைல கிடைச்சுடும், கிடைச்சாலும் போங்க, அப்ப அது அஞ்சு நிமிஷ லைட்னிங் டாக் ஆயிடும். கஸ்டமர் பேர் நிஜமானது ஒண்ணு கூட ஸ்கிரீன்ல வரக்கூடாது, கற்பனை பேர் போடுங்க. டெர்மினல்ல காட்டாதீங்க, நிறைய டெர்மினல்ல கொம்பும் காலும் இடம் மாறி தான் தெரியும், எது உங்க பக் எது டெர்மினல் பக்னு பார்க்குறவங்களுக்கு குழம்பிடும், பிரவுசர்ல நோட்புக்ல காட்டுங்க. புரொஜெக்டர் வேற ஒருத்தர் லேப்டாப்னா தமிழ் ஃபான்ட் இருக்காது, ஸ்லைடை பிடிஎஃப்பா கொண்டு போங்க.

மத்த மொழிக்காரங்க பேசுறதையும் உக்காந்து கேளுங்க. மலையாளத்துல சில்லு எழுத்துன்னு ஒண்ணு இருக்கு, உயிர் சேராத சில மெய்க்கு வர்ற தனி உருவம், முன்னாடி ஜீரோ விட்த் ஜாயினர் வச்சு அடிச்சாங்க, 2008ல யூனிகோட் 5.1 அதுக்கு தனி கோட்பாயிண்ட் குடுத்துச்சு, இப்ப பழசும் புதுசும் கலந்த டேட்டாவோட அவங்க வாழ்றாங்க. அத எப்படி தேடலுக்கு சமாளிச்சாங்கன்னு கேட்டா நம்ம கெளரி கதைக்கு அப்படியே உதவும்.

திரும்பி வந்ததும் அந்த பத்து வரிய டெஸ்ட் கேஸா மாத்தி சேர்த்துடுங்க. ரெண்டு வித கோவை, ரெண்டு வித கௌரி, ரெண்டு ஸ்ரீ, தமிழ் எண் கலந்த ஒரு பேர், நடுவுல ஜீரோ விட்த் இருக்குற ஒரு பேர், நீளத்துக்கு ஆறுமுகம். பக் லைப்ரரியோடதுன்னா அங்க இஷ்யூ திறந்து அதே கோட போடுங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் போட்டா மெயின்டெய்னருக்கு தமிழ் படிக்க தெரியாது, கோட்பாயிண்ட் பேர் வரிசையையும் கூடவே ஒட்டுங்க.