சில்வர்லைட் செயலியில் பிற டொமைன் தரவு: பாலிசி கோப்பை எழுதி, சரியான இடத்தில் வைக்கும் முறை

2010-இல், எங்கள் கிளைகளின் சரக்கிருப்பை வரைபடமாகக் காட்டும் சில்வர்லைட் செயலி ஒன்றை எழுதினேன். (சில்வர்லைட் என்பது உலாவிக்குள் செயலிகளை ஓடவிட்ட மைக்ரோசாஃப்ட் செருகுநிரல்; அதற்கான ஆதரவு 2021-இல் முடிந்துவிட்டது.) விஷுவல் ஸ்டுடியோவில் ஒழுங்காக ஓடிய அது, சர்வரில் ஏற்றியதும் வெறும் கட்டங்களை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. என் கணினியில் செயலியும், அதற்குத் தரவு தரும் டபிள்யூசிஎஃப் சேவையும் ஒரே வெப் புராஜெக்டில் இருந்தன. அலுவலகத்திலோ செயலி ஒரு சர்வரிலும் சேவை மற்றொன்றிலும் இருந்தன. வேறு டொமைனிலுள்ள தரவைச் செயலி எடுக்க வேண்டுமானால், யாருக்கு அனுமதி என்று சொல்லும் பாலிசி கோப்பு அந்த டொமைனில் இருந்தாக வேண்டும். இரண்டு மாலைப்பொழுதுகளை விழுங்கிய அந்தச் சிக்கலைத் தீர்த்த வழியை இங்கே எழுதுகிறேன். சேவையை எழுதுவதும், அதற்கு சர்வீஸ் ரெஃபரன்ஸ் சேர்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: சிக்கல் இதுதானா என்று உறுதிசெய்யுங்கள்.

எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, சர்வர் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் சில்வர்லைட்டுக்கு அது வேறு டொமைன்தான். செயலி 49152-ஆம் போர்ட்டிலும் சேவை 49153-ஆம் போர்ட்டிலும் ஓடினால், இரண்டும் உங்கள் மேசைக்கணினியிலேயே இருந்தாலும் அனுமதி கிடையாது. பாலிசி இல்லாமலோ பொருந்தாமலோ இருக்கலாம் என்று பிழைச்செய்தியே சொன்னால், தொடர்ந்து படியுங்கள். வெறுமனே 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் அது பெரும்பாலும் வேறு கதை: சேவைக்குள் பிழை நேர்ந்து சர்வர் 500 என்று பதில் அனுப்பினாலும், உலாவி வழியாக வரும்போது சில்வர்லைட் அதை 404 என்றே காண்கிறது.

இரண்டாம் படி: கோப்பை எழுதுங்கள்.

கோப்பின் பெயர் கிளையன்ட், அக்சஸ், பாலிசி என்ற மூன்று சொற்களும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்துகளில் சேர்ந்து, எக்ஸ்எம்எல் நீட்சியுடன் முடிய வேண்டும். உள்ளே வெளிக்கூடாக அக்சஸ்-பாலிசி, அதனுள் கிராஸ்-டொமைன்-அக்சஸ், அதனுள் பாலிசி என்று டேக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமையும். பாலிசிக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. யாரை அனுமதிப்பது என்பதை அலவ்-ஃப்ரம் பகுதியிலுள்ள டொமைன் டேக்கின் யூஆர்ஐ சொல்லும். எதை அனுமதிப்பது என்பதை கிராண்ட்-டு பகுதியிலுள்ள ரிசோர்ஸ் டேக்கின் பாத் சொல்லும். பாத்துக்கு ஒற்றைச் சாய்கோடு கொடுத்து, இன்க்ளூட்-சப்பாத்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

அலவ்-ஃப்ரம் டேக்கில் எச்டிடிபி-ரெக்வெஸ்ட்-ஹெட்டர்ஸ் என்ற பண்பை விட்டுவிடாதீர்கள். அதில் சோப்ஆக்‌ஷன் என்று எழுதாவிட்டால், சாதாரண எக்ஸ்எம்எல் கோப்புகள் வந்து சேரும், சோப் சேவை (எக்ஸ்எம்எல் செய்திகளால் அழைக்கப்படும் சேவை) மட்டும் மறுக்கப்படும்.

யூஆர்ஐ-யில் * என்று போட்டால் எல்லோருக்கும் கதவு திறந்துவிடும் என்பதால் பலரும் அதையே போட்டார்கள். குக்கியை வைத்துப் பயனரை அடையாளம் காணும் தளத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உங்கள் பயனர் வேறொரு தளத்தைத் திறக்கும்போது, அங்குள்ள செயலி உங்கள் சேவையை அழைத்தால், உலாவி அவருடைய குக்கியையும் சேர்த்தே அனுப்பும். நான் செயலி இருக்கும் சர்வரின் முகவரியை மட்டுமே எழுதினேன்.

மூன்றாம் படி: கோப்பை டொமைனின் வேரில் வையுங்கள்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். எங்கள் சேவை, மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் 'ஸ்டாக்' என்ற விர்ச்சுவல் டைரக்டரிக்குள் இருந்தது. ஆகவே பாலிசி கோப்பையும் சேவைக் கோப்பின் பக்கத்திலேயே வைத்தேன். உலாவியில் அந்த முகவரியைத் தட்டினால் கோப்பு கண்முன்னே திறந்தது, செயலியோ பாலிசி இல்லை என்றே சாதித்தது. சேவையின் பாதை எவ்வளவு நீளமாக இருந்தாலும், சில்வர்லைட் சர்வர் பெயரையும் போர்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதையடுத்த முதல் சாய்கோட்டுக்குப் பின்னாலேயே கோப்பைத் தேடுகிறது. பலர் பகிர்ந்துகொள்ளும் டொமைனில், ஏதோ ஒரு கோப்புறை மட்டும் கையிலிருப்பவர் டொமைன் முழுவதையும் திறந்துவிடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதே. இயல்பான ஐஐஎஸ் அமைப்பில், ஐநெட்பப் கோப்புறையிலுள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூரூட் தான் அந்த வேர். கோப்பை அங்கே நகர்த்தியதும் வரைபடம் நிரம்பியது.

நான்காம் படி: ஃபிட்லரில் சரிபாருங்கள்.

கணினியிலிருந்து போகும் வெப் கோரிக்கைகளையும் வரும் பதில்களையும் காட்டும் கருவி ஃபிட்லர். ஃபயர்ஃபாக்ஸுக்கான ஃபயர்பக் கருவியைவிட எனக்கு அதுவே பிடித்தது. எந்த உலாவியானாலும் ஒரே சாளரத்தில் பார்க்கலாம். சேவை அழைப்புக்கு முன்னதாக பாலிசி கோப்புக்கான கோரிக்கைக்கு 200 (வெற்றி) என்று பதில் வர வேண்டும். அது 404 ஆனால், அடுத்து ஃபிளாஷின் கிராஸ்டொமைன் கோப்பைச் செயலி தேடுவதையும் காணலாம். உள்ளூரில் சோதிக்கும்போது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஃபிட்லரைத் தொடாமலே போய்விடுவதால், செயலியின் முகவரியிலும் சேவையின் முகவரியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பின் ஒரு புள்ளி வையுங்கள்.

சேவை உங்களுடையது அல்லவென்றால், பிறர் சர்வரின் வேரில் உங்களால் கோப்பு வைக்க இயலாது. அப்போது உங்கள் சொந்த சர்வரில் ஒரு ஹேண்ட்லரை (கோரிக்கைக்குப் பதில் தரும் சிறு நிரலை) எழுதி, அது தரவை வாங்கிச் செயலிக்குக் கொடுக்கும்படி செய்யுங்கள்; இந்தக் கட்டுப்பாடு உலாவிக்குள் ஓடும் செயலிக்குத்தான், சர்வருக்கு இல்லை. எந்த முகவரியிலிருந்து தரவை வாங்குவது என்பதை ஹேண்ட்லருக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அதைச் செயலி அனுப்பும்படி விட்டால், உங்கள் சர்வரை யார் வேண்டுமானாலும் இடைத்தரகராகப் பயன்படுத்துவார்கள். 2010 ஏப்ரலில் வெளிவந்த சில்வர்லைட் 4-இல், பயனரின் ஒப்புதலோடு கணினியில் நிறுவப்பட்டு, உயர் நம்பிக்கையுடன் உலாவிக்கு வெளியே ஓடும் செயலிக்கு பாலிசி கோப்பே தேவையில்லை. ஒரு வரைபடத்துக்காக எல்லோரையும் நிறுவச் சொல்வது எனக்கு அதிகமாகப் பட்டது.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் 404 வருகிறது என்று ஒருவர் பின்னூட்டமிட்டிருந்தார். நோட்பேடில் சேமித்ததால் அவருடைய கோப்பின் பெயருக்குப் பின்னால் டெக்ஸ்ட் நீட்சியும் ஒட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் நீட்சியை மறைத்துக் காட்டியதால் அது கண்ணில் படவில்லை.

இரண்டாம் பின்சேர்க்கை: சேவை எச்டிடிபிஎஸ்ஸிலும் செயலி எச்டிடிபியிலும் இருந்தால், தனியாக * போடுவது போதாது. யூஆர்ஐ-யில் எச்டிடிபி முன்னொட்டுடன் கூடிய முகவரியை வெளிப்படையாக எழுத வேண்டும். திருத்திய பிறகும் பழைய பிழையே வந்தால், உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு, உலாவியை மூடித் திறந்து பாருங்கள்.