மாணவர்கள்தானே என்று நினைத்து அனுப்பாதீர்கள்

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜூனியர் வழக்கறிஞராக இருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூரில் என் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்தார். மாணவர்கள் நடத்தும் சட்ட ஆய்விதழ் ஒன்று அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. “இருபது வயதுப் பையன்கள் எனக்குக் குறை சொல்வதா, அண்ணா?” என்றார். நானும் இருபது வயதில் அப்படியொரு பதிப்பாசிரியர் குழுவில் உட்கார்ந்தவன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டுரையைப் படித்தேன். பையன்கள் சொன்னது சரிதான்.

மாணவர்கள் பதிப்பாசிரியர்களாக இருப்பது பழைய மரபு. 1887-இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவியூவும் அப்படித்தான், இங்கே நாகரபாவியில் தேசிய சட்டப் பள்ளி மாணவர்கள் நடத்தும் நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவியூவும் அப்படித்தான். மற்ற இதழ்களில் கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநர் உங்கள் வாதத்தை எடைபோடுவார். அடிக்குறிப்புகளைப் பெரும்பாலும் உங்கள் நேர்மைக்கே விட்டுவிடுவார். மாணவர் அப்படி விடமாட்டார். எண்பது அடிக்குறிப்பு இருந்தால் எண்பதையும் திறந்து பார்க்க ஆள் உண்டு, அதுவும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், விடுதி அறையில், நள்ளிரவுக்கு மேல்.

தம்பி முதலில் சிக்கியதும் அங்கேதான். தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கை, 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பை, ‘உச்ச நீதிமன்றம் இவ்வாறு கூறியது’ என்று எடுத்துக்காட்டியிருந்தார். பத்தி எண் இல்லை. அந்தத் தீர்ப்பு 547 பக்கம். ஒன்பது நீதிபதிகள், ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள். தம்பி எடுத்த வரிகள் நீதிபதி சந்திரசூட் எழுதிய உரையில் உள்ளவை. அந்த உரை அவரையும் சேர்த்து நான்கு பேருடையது. ஒன்பதில் நான்கு பெரும்பான்மை ஆகாது. ஒன்பது பேரும் கையெழுத்திட்ட இறுதி உத்தரவு தனியே இருக்கிறது, அது மிகவும் சுருக்கமானது. ஆகவே ‘நீதிமன்றம் கூறியது’ என்று எழுதும் முன், யார் கூறியது, எத்தனை பேர் உடன்பட்டார்கள், எந்தப் பத்தி என்று பாருங்கள். தீர்ப்பின் தொடக்கத்தில் சுருக்கமாகத் தரும் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதினால் இந்தத் தவறு கட்டாயம் நேரும். சிறுபான்மைத் தீர்ப்புரையின் வரியைத் தீர்ப்பின் முடிவாகக் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாதமே தலைகீழாகிவிடும்.

அடுத்தது பழைய சட்டப் பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முன் எழுதி வைத்த கட்டுரையைத் தூசி தட்டி அனுப்புகிறவர்கள் இங்கே வழுக்குகிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 கொலைக்கான தண்டனை. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை 103-க்குப் போய்விட்டது, 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. இன்னும் குழப்பமானது 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் முன்ஜாமீன். எந்தச் சட்டத்தின் எண் என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லாவிட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்?

செயற்கை நுண்ணறிவைக் கேட்டு வாங்கிய தீர்ப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வே 2024 டிசம்பர் உத்தரவு ஒன்றில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்கும் மாணவரிடம் இது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

அடிக்குறிப்பைத் தாண்டினால் பெரிய நோய் ஒன்று: தலைப்பு இருக்கும், வாதம் இருக்காது. முதுகலை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை வெட்டி அனுப்பினால் முதல் பன்னிரண்டு பக்கம் வரலாறாகவே ஓடும். ‘இந்தத் தீர்ப்பு தவறு, ஏனென்றால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் முதல் இரண்டு பக்கத்துக்குள் வரட்டும். அப்படியொரு வாக்கியம் வரவில்லையென்றால் கட்டுரை இன்னும் பிறக்கவில்லை.

பெயர் மறைத்து மதிப்பிடும் இதழுக்கு, முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு, ‘என் முந்தைய கட்டுரையில் சொன்னதுபோல்’ என்று அடிக்குறிப்பில் எழுதுகிறார்கள். கோப்பின் பண்புகளிலும் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். அமெரிக்காவில் ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது வழக்கம். அதைப் பார்த்து இங்கும் செய்யாதீர்கள். பல இந்திய இதழ்கள் அதை ஏற்பதில்லை, விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள். மேற்கோள் முறையும் அப்படியே: ஓர் இதழ் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்கோலா கேட்கும், இன்னொன்று அமெரிக்காவின் புளூபுக் கேட்கும். இரண்டையும் கலந்து வைத்தால், இதே கட்டுரை வேறெங்கோ போய்த் திரும்பியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தம்பிக்கு வந்த கடிதத்தில் ஏழு குறிப்புகள் இருந்தன. ஆறு நியாயமானவை. ஏழாவது ஒரு காற்புள்ளியைப் பற்றியது. அதில் மட்டும் நான் தம்பியின் பக்கம்.