டெக்சஸ் ஹைஸ்கூலில் அக்ரி எலெக்டிவ்: எதை எடுப்பது, எப்போது எடுப்பது

ஜனவரி பிறந்தால் டெக்சஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான், அடுத்த வருஷம் என்ன கோர்ஸ். கோர்ஸ் பட்டியலில் ஹார்ட்டிகல்ச்சர், ஃப்ளோரல் டிசைன், அனிமல் சயின்ஸ் என்று வரும் பக்கத்தை நம்மவர்களில் பாதிப் பேர் படிக்காமலே புரட்டிவிடுவார்கள். மாடு மேய்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற நினைப்பு. மீதிப் பேர் "ஈஸி ஏ கிடைக்குமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிக் அடித்துவிட்டு, செப்டம்பரில் பிள்ளை நூறு செடிகளின் தாவரவியல் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்து முழிப்பார்கள். இரண்டுமே வேண்டாம். முதலில் கிரெடிட் கணக்கைப் பாருங்கள்.

டெக்சஸில் ஹைஸ்கூல் பட்டயம் வாங்க 22 கிரெடிட், எண்டோர்ஸ்மென்ட்டோடு (ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து அதில் கூடுதலாகப் படிப்பது) என்றால் 26. அதில் ஒரு கிரெடிட் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டாயம். பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, ஓவியம், நாடகம் எதிலும் மனசு போகாத பிள்ளைக்கு இது ஒரு தலைவலி. ஃப்ளோரல் டிசைன் அந்த ஃபைன் ஆர்ட்ஸ் கிரெடிட்டாகவே கணக்கில் வரும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதாவது கூடுதலாக ஒரு எலெக்டிவ் இடத்தைச் செலவழிக்காமல், எப்படியும் எடுத்தாக வேண்டிய ஒன்றை இதில் முடித்துவிடலாம்.

வகுப்பில் பூவை அழகாக அடுக்கிவிட்டு வருவதோடு வேலை முடிந்துவிடாது. நிறச்சக்கரம், சமநிலை, அளவு விகிதம் என்று ஓவிய வகுப்பில் வரும் அத்தனையும் வரும். பூக்களை வரிப்பூ, திரள்பூ, நிரப்பு பூ என்று பிரித்து எதை எங்கே வைப்பது என்று பழக வேண்டும், தண்டை நீருக்குள் சாய்வாக வெட்டுவது, தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுவது, கம்பியும் டேப்பும் சுற்றி கோர்சாஜ் (உடையிலோ மணிக்கட்டிலோ அணியும் சின்னப் பூச்செண்டு) கட்டுவது எல்லாம் கைப்பழக்கம். ஹோம்கமிங் என்ற பள்ளி விழா சமயத்தில் டெக்சஸ் பெண்கள் மார்பில் தொங்கவிட்டுக்கொள்ளும் அந்தப் பிரம்மாண்டமான 'மம்' என்ற பூ-ரிப்பன் அலங்காரத்தைக் கட்டக் கற்றுக்கொண்டு நாலு காசு பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. பாட்டியிடம் மல்லிகை தொடுக்கக் கற்ற பிள்ளைக்கு விரல் சீக்கிரம் படியும். டெக்சஸ் பூ வியாபாரிகள் சங்கம் நடத்தும் சான்றிதழ் தேர்வைப் பல பள்ளிகளில் எழுதலாம், பகுதிநேர வேலைக்கு உதவும். பூவுக்கென்று தனிக் கட்டணம் இருக்கும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்ட்டிகல்ச்சர், அதாவது தோட்டக்கலை, வேறு மாதிரி. பசுமைக்குடில் உள்ள பள்ளியா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் பாதி சுவை போய்விடும். பதியன், ஒட்டு, தண்டு வெட்டி நடுவது, மண் சோதனை, நீர்ப்பாசனம் எல்லாம் பாடத்தில் வரும். கோடை முடிவில் சின்னச் சின்ன பாயின்செட்டியா கன்றுகளைத் தொட்டியில் வைத்து கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சிவக்க வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். நீண்ட இரவு கிடைத்தால்தான் அது சிவக்கும். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு ராத்திரியில் தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தால்கூட நிறம் தள்ளிப்போகும். ஒளிக்காலம் என்ற பாடத்தைப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இப்படி ஒரு தொட்டியைக் கெடுத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

நம் வீடுகளுக்கு இதில் நேரடித் தொடர்பும் இருக்கிறது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிக்கு அது பிடித்தமான இடம். அதனால்தான் டெக்சஸில் அந்தச் செடியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நண்பர் வீட்டுக் கன்றை காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது. பிள்ளைக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் கொல்லைப்புறத்திலேயே கிடக்கிறது.

அனிமல் சயின்ஸ்தான் கொஞ்சம் திட்டமிட வேண்டியது. ஒன்பதாவதில் பொதுவாக 'பிரின்ஸிபிள்ஸ் ஆஃப் அக்ரிகல்ச்சர்' என்ற அறிமுக வகுப்பு, அப்புறம் சிறு விலங்குகள், குதிரை அல்லது கால்நடை வளர்ப்பில் ஒன்று, பிறகு கால்நடை மருத்துவ வகுப்பு, பதினொன்று அல்லது பன்னிரண்டில் 'அட்வான்ஸ்டு அனிமல் சயின்ஸ்'. இந்தக் கடைசி வகுப்பு சயின்ஸ் கிரெடிட்டாகவே ஏறும். செடிப் பக்கம் 'அட்வான்ஸ்டு பிளான்ட் அண்ட் சாயில் சயின்ஸ்' என்பதும் அப்படியே. ஆனால் அட்வான்ஸ்டு அனிமல் சயின்ஸில் உட்கார பயாலஜி, கெமிஸ்ட்ரி அல்லது ஐபிசி (ஃபிஸிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்த அறிமுக வகுப்பு), அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி எல்லாம் முடித்திருக்க வேண்டும், கூடவே முன் சொன்ன விலங்கு வகுப்புகளில் ஒன்றும் வேண்டும். பன்னிரண்டாவதில் திடீரென்று ஆசை வந்தால் நடக்காது, ஒன்பதாவதிலேயே நாலு வருஷத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். இன்னொன்று, சயின்ஸ் கிரெடிட் வருகிறதே என்று ஃபிஸிக்ஸை விட்டுவிட்டு இதை எடுக்க வேண்டாம். எஞ்சினியரிங்கோ மருத்துவமோ போக நினைக்கும் பிள்ளைக்கு ஃபிஸிக்ஸும் வேண்டும், இது அதற்கு மேல்.

கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை என்றால் தயங்கவே வேண்டாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2021 முதல் அமரில்லோவில் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் வந்துவிட்டது. இந்தப் படிப்புக்கு மார்க்கோடு விலங்குகளோடு பழகிய அனுபவத்தையும் பார்ப்பார்கள். ஹைஸ்கூலிலேயே கிளினிக்கில் நின்று கால்நடை உதவியாளர் சான்றிதழுக்கு மணிநேரம் சேர்க்கும் வழியும் சில பள்ளிகளில் உண்டு.

இனி எஃப்எஃப்ஏ, 'ஃப்யூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்று தொடங்கிய மாணவர் சங்கம். அக்ரி வகுப்பு எடுத்தால் நீல கார்டுராய் ஜாக்கெட் போட்ட இந்தச் சங்கம் கூடவே வரும். 1928இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது, பெண்களைச் சேர்த்ததே 1969இல்தான். மேடைப்பேச்சு, கூட்டம் நடத்தும் முறை, பூ வடிவமைப்பு, கால்நடை மருத்துவம், செடி அடையாளம் காணுதல் என்று போட்டிகள் ஏராளம், கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் கருத்து. வகுப்புக்கு வெளியே ஒரு சொந்தப் ப்ராஜெக்ட்டும் செய்து கணக்குப் புத்தகம் எழுத வேண்டும்.

ப்ராஜெக்ட் என்றதும் ஆடு, பன்றி, காளைக்கன்று என்று பிள்ளை கேட்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஃபோர்ட் வொர்த் கால்நடைக் கண்காட்சி ஜனவரியில், சான் அன்டோனியோ பிப்ரவரியில், ஹூஸ்டன் மார்ச்சில். அதற்குள் விலங்கைத் தயார் செய்ய வேண்டும், பள்ளிக் கொட்டிலில் தினமும் இரண்டு வேளை தீனி, தாங்க்ஸ்கிவிங் அன்றும்தான். டிசம்பரில் நாலு வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் யார் தீனி வைப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். காளைக்கன்று வளர்க்க வருஷத்துக்கும் மேல் ஆகும், செலவு ஆயிரங்களில் போகும். கறிக்கோழி, முயல் என்றால் சில வாரங்களில் முடிந்துவிடும்.

கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலான விலங்குகள் இறைச்சிக்குப் போகும். பெயர் வைத்து, குளிப்பாட்டி, கூடவே நடந்து பழகிய ஆட்டை அனுப்பிவிட்டு அழாத பிள்ளை குறைவு. சைவ வீடானாலும் இல்லாவிட்டாலும் இதை ஆரம்பத்திலேயே பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொல்வது கொடுமை. பிடிக்கவில்லை என்றால் விலங்கே வேண்டாம்: நர்சரியில் வேலை, வீட்டுத் தோட்டம், கோர்சாஜ் விற்பனை, கிளினிக்கில் தன்னார்வ வேலை எல்லாமே ப்ராஜெக்ட்டாக ஏற்கப்படும். இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் கிடாரிக்கன்று என்றால் வெட்டுக்குப் போகாது, ஆனால் பிறகு அதை வைத்துக்கொள்ள இடம் வேண்டுமே.

கடைசியாக, எல்லாரும் மனசுக்குள் கேட்கும் ரேங்க் விஷயம். ஆஸ்டின் யூடி (டெக்சஸ் பல்கலைக்கழகம்) 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து பள்ளி ரேங்க்கில் முதல் 5 சதவீதத்துக்குத்தான் தானியங்கி இடம் தருகிறது. ஆகவே ஏபிக்கு (கல்லூரித் தர வகுப்பு) சராசரிக் கணக்கில் இருக்கும் கூடுதல் வெயிட் அக்ரி எலெக்டிவுக்கு இல்லையென்றால் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சராசரி இறங்கலாம். இது பள்ளி மாவட்டத்துக்குப் பள்ளி மாவட்டம் மாறும். சில இடங்களில் அட்வான்ஸ்டு வகுப்புகளுக்குக் கூடுதல் வெயிட் உண்டு, சில இடங்களில் எலெக்டிவை ரேங்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரேங்க் விளிம்பில் நிற்காத பிள்ளைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, பிடித்ததை எடுக்கட்டும். விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு ஃப்ளோரல் டிசைன் மட்டும் போதும், ஏனென்றால் ஃபைன் ஆர்ட்ஸில் வேறு எதை எடுத்தாலும் பெரும்பாலும் அதே வெயிட்தான்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது மூன்றை மட்டும் கேளுங்கள்: இது எந்தக் கிரெடிட்டாக விழும், ரேங்க்கில் எப்படிக் கணக்காகும், எந்தத் தேதிக்குள் மாற்றிக்கொள்ளலாம். முடிந்தால் பதில்களை ஈமெயிலில் எழுதி வாங்குங்கள், ஆகஸ்ட்டில் கவுன்சிலர் மாறிவிடுவதும் உண்டு.