டிபியு: ஈரக்காற்று வீசும் குமரியில் ஒரு வலிய காரத்தைக் கையாளும் முறை

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழை விட்டாலும் கடல்காற்று விடுவதில்லை. அதனால் இங்குள்ள ஆய்வகத்தில் டிபியு (DBU, 1,8-டைஅசாபைசைக்ளோ[5.4.0]அன்டெக்-7-ஈன்) என்ற கரிமக் காரத்தை முதன்முதலாகத் தொடும் மாணவர் வினையைக் கற்பதற்கு முன் ஈரத்தை விலக்கக் கற்க வேண்டும்.

டிபியு, அமிடின் என்ற நைட்ரஜன் சேர்ம வகையைச் சேர்ந்தது. 9 கார்பன், 16 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன் அணுக்கள் கொண்டது. மூலக்கூறு நிறை 152.24. நிறமற்ற அல்லது இளமஞ்சள் திரவம். ஒரே கார்பனில் ஒரு நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பாலும் மற்றொன்று ஒற்றைப் பிணைப்பாலும் இணைந்திருக்கும். புரோட்டான் வந்து சேர்ந்ததும் நேர்மின் சுமையை இரு நைட்ரஜன்களும் பகிர்ந்துகொள்கின்றன. இதன் வலிமை அங்கேதான் இருக்கிறது. அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் இதன் இணை அமிலத்தின் (புரோட்டான் ஏற்ற வடிவத்தின்) பிகேஏ சுமார் 24.3, டிரைஎத்திலமீன் என்ற வழக்கமான காரத்துக்குச் சுமார் 18.8. பிகேஏ கூடினால் காரத்தின் வலிமை கூடும்; ஓர் அலகு என்பது பத்து மடங்கு. வித்தியாசம் ஏறக்குறைய மூன்று லட்சம் மடங்கு! ஆல்கைல் ஹாலைடிலிருந்து ஹைட்ரஜன் ஹாலைடை நீக்கி ஆல்கீன் தயாரிக்கவும், பாலியூரித்தேன் தயாரிப்பில் வினையூக்கியாகவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பென்சாயிக் அமிலத்திலிருந்து மெத்தில் பென்சோயேட் செய்வது. மெத்தில் அயோடைடு போன்ற நச்சுப்பொருள் தேவையில்லை. டைமெத்தில் கார்பனேட் போதும்.

படி 1: பாட்டிலைப் பாருங்கள். வாய் ஓரத்தில் வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தால் டிபியு காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டைஆக்சைடோடும் சேர்ந்து பைகார்பனேட் உப்பாகியிருக்கிறது என்று பொருள். நாள்பட ஈரம் பட்டால் வளையமே உடைந்து வேறு சேர்மமாகிவிடும். அத்தகைய பாட்டிலை நம்ப வேண்டாம். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணியாமல் மூடியைத் திறக்கவே கூடாது. இது தோலையும் கண்ணையும் அரிக்கும்; பட்டுவிட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

படி 2: குடுவையையும் குளிர்விப்பானையும் அடுப்பில் உலர்த்தி எடுங்கள். குடுவையில் 1.22 கிராம் பென்சாயிக் அமிலம், 10 மில்லி டைமெத்தில் கார்பனேட், காந்தத் துண்டு ஆகியவற்றைப் போடுங்கள். உலர்ந்த சிரிஞ்சில் 1.5 மில்லி டிபியு எடுத்து, கலக்கியபடியே மெதுவாகச் சேருங்கள். பாட்டிலை அந்த நொடியே மூடிவிடுங்கள்.

படி 3: குளிர்விப்பானின் உச்சியில் கால்சியம் குளோரைடு குழாயை மாட்டுங்கள். அடைப்பான் போட்டு மூடக் கூடாது. வினையில் கார்பன் டைஆக்சைடு வெளிவருகிறது. ஃபியூம் ஹூடுக்குள் எண்ணெய்த் தொட்டியில் வைத்து, 90 டிகிரியில் கொதிக்கும் டைமெத்தில் கார்பனேட் சீராக மீள்குளிர்ந்து வடியுமாறு சூடாக்குங்கள். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் பர்னர் அருகில் இருக்கவே கூடாது. எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மணிக்கொரு முறை சிறு துளி எடுத்து அமிலம் கலந்து டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) தகட்டில் ஓட்டுங்கள். புற ஊதா விளக்கின் கீழ் எஸ்டர் (மெத்தில் பென்சோயேட்) மேலேயும் பென்சாயிக் அமிலம் கீழேயும் தெரியும். கீழ்ப்புள்ளி மறையும்வரை பொறுமை வேண்டும்.

படி 4: ஆறியபின் எத்தில் அசிட்டேட் சேர்த்துப் பிரிபுனலுக்கு மாற்றுங்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 15 மில்லி வீதம் இருமுறை கழுவினால் டிபியு உப்பாகி நீரில் இறங்கிவிடும். கீழடுக்கு லிட்மஸ் தாளைச் சிவப்பாக்குகிறதா என்று அவசியம் பாருங்கள். பிறகு சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவி, மிஞ்சிய அமிலத்தை நீக்குங்கள். குலுக்கும்போது வாயு சேரும், குழாயை அடிக்கடி திறந்துவிடுங்கள். உப்புநீர்க் கழுவல், சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தல், கரைப்பான் நீக்கம் எல்லாம் வழக்கம்போலத்தான்.

முழு விளைச்சல் என்றால் 1.36 கிராம் வர வேண்டும். எஸ்டரின் கொதிநிலை சுமார் 199 டிகிரி என்றாலும் நெடுநேரம் வெற்றிடத்தில் வைத்தால் கொஞ்சம் ஆவியாகிப் போகும். பழமணம் வீசும் தெளிந்த திரவம் கிடைக்கும்.

டிபியு கலந்த அமில நீரைத் தொட்டியில் கொட்டாமல், பெயர் எழுதிய கழிவுக் கேனில் சேருங்கள். மீதி டிபியுவை நைட்ரஜன் நிரப்பி, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் கட்டி, சிலிக்கா ஜெல் உள்ள டெசிகேட்டரில் வையுங்கள். திறந்த தேதியைப் பாட்டிலின் மீதே எழுதிவிடுங்கள்.