பழகுவதற்கு முன் ஒழுங்குபடுத்துங்கள்: விண்டோஸ் 11 கணினியைப் புதியவர்களுக்கு ஏற்றபடி அமைத்துக்கொடுக்கும் முறை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பல ஆண்டுகளாக ஒரே கணினியை வைத்துக் கணக்கு எழுதிவந்த சிறு தொழில் செய்வோர் பலரும் இப்போது விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில், சீயம், மனகோலம், தேன்குழல் எனப் பலகாரங்களை ஆர்டரின் பேரில் செய்து அனுப்பும் ஆச்சி ஒருவருக்குப் புதுக் கணினியைப் பழக்கிக்கொடுக்கப் போனபோது, கடைக்காரர் கொண்டுவந்து வைத்த நிலையிலேயே அது இரண்டாங்கட்டு அறையில் இருந்தது. முதல் நாளே ஆச்சி கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்க வேணாமா?"

அந்தக் கேள்வியை ஒட்டியே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். புதியவர்களுக்குக் கணினி கடினமாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அவர்களுடைய பயிற்சியின்மை அன்று. பொருள்கள் இடம்மாறுவதும், பெயர்கள் மறைக்கப்பட்டிருப்பதும், கேட்காத செய்திகள் குறுக்கே வந்து நிற்பதும்தான். ஆகவே எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு, ஒரு பிற்பகலை ஒதுக்கிக் கணினியை ஒழுங்குபடுத்திவிடுவது நல்லது. திரையில் ஆங்கிலத்தில் காணப்படும் சொற்களை அதே ஒலிப்பில் மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு சொற்கள் மாறியிருக்கலாம். அருகில் உள்ள தலைப்பைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

முதற்படி: ஸ்டார்ட் பொத்தானை மூலைக்குக் கொண்டுவருதல்

1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 முதல், அது நீக்கப்பட்டிருந்த விண்டோஸ் 8 தவிர, ஸ்டார்ட் பொத்தான் திரையின் கீழ் இடது மூலையில்தான் இருந்துவந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அதை நடுப்பகுதிக்கு நகர்த்தியது. இது வெறும் அழகு பற்றிய மாற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் விளக்கியபடி, ஓர் இலக்கைக் கை எட்டுவதற்கு ஆகும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது. தொலைவு கூடினாலும் அளவு குறைந்தாலும் நேரம் நீளும். மூலையில் இருக்கும் பொத்தானுக்கு இங்கே ஒரு தனிச் சலுகை உண்டு. சுட்டியை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அது திரையின் விளிம்பைத் தாண்டிப் போகாமல் மூலையிலேயே போய் நிற்கும் என்பதால், குறிபார்க்க வேண்டிய தேவையே இல்லை. நடுவில் இருக்கும் பொத்தானுக்கோ குறிபார்க்க வேண்டும். அதோடு, புதிய நிரல் ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் வரிசை நீண்டு, பொத்தானும் சற்று இடப்புறம் நகர்ந்துவிடும். நடுங்கும் கைகளுக்கு இந்தச் சிறு நகர்வு பெரிய தொல்லை.

திரையின் அடியில் இருக்கும் பட்டையில், படம் எதுவும் இல்லாத இடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, "டாஸ்க்பார் செட்டிங்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் "டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்" என்ற தலைப்பு இருக்கும். அதை விரித்து, "டாஸ்க்பார் அலைன்மென்ட்" என்பதற்கு எதிரே "லெஃப்ட்" என்று மாற்றுங்கள். மாற்றம் உடனே தெரியும்.

அதே பக்கத்தை மூடிவிடாமல் இன்னும் இரண்டு வேலைகளைச் செய்துவிடலாம். மேற்பகுதியில் "விட்ஜெட்ஸ்" என்பதற்கு எதிரே உள்ள விசையை அணையுங்கள். வானிலையோடு சேர்ந்துவரும் செய்திக் குவியல் அத்தோடு நின்றுவிடும். பிறகு கீழ்ப்பகுதியில் "கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்" என்பதை "நெவர்" என்று வையுங்கள். விண்டோஸ் 11 முதலில் வந்தபோது இந்த வசதி அதில் இல்லை. 2023-இன் பிற்பகுதியில்தான் திரும்பி வந்தது. இதைச் செய்தபின், திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பும் தன் பெயரோடு தனித்தனியாகப் பட்டையில் நிற்கும். இரண்டு பேரேடுகளைத் திறந்துவைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொகை பெயர்த்து எழுதுகிறவர்களுக்கு, என் கணிப்பில், இந்த விளக்கம் முழுவதிலும் மிகப் பயன்படப்போவது இந்த ஒரு மாற்றம்தான்.

இரண்டாம் படி: கண்ணுக்குத் தெரியும்படி செய்தல்

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலப்பொத்தானை அழுத்தி "செட்டிங்ஸ்" என்பதைத் திறந்து, "சிஸ்டம்", "டிஸ்ப்ளே" என்று சென்று, "ஸ்கேல்" என்பதை 125 அல்லது 150 விழுக்காடாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால், "அக்ஸசிபிலிட்டி" என்ற பகுதியில் "டெக்ஸ்ட் சைஸ்" இருக்கிறது. அங்கே 100 முதல் 225 விழுக்காடு வரை நகர்த்தி, "அப்ளை" என்பதை அழுத்த வேண்டும். தமிழில் வேலை செய்கிறவர்கள் ஆங்கிலத்துக்குத் தேவைப்படுவதைவிட ஒரு படி கூடுதலாகவே வைத்துக்கொள்வது நல்லது. 'ணி', 'னி' போன்ற நெருக்கமான எழுத்துகளின் சுழிகளைச் சிறிய அளவில் பிரித்தறிவது இளங்கண்களுக்கே கடினம்.

அதே "அக்ஸசிபிலிட்டி" பகுதியில் "விஷுவல் எஃபெக்ட்ஸ்" என்பதைத் திறந்து, "ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்" என்பதை இயக்குங்கள். இப்போதைய அமைப்பில் பக்கத்தை நகர்த்தும் பட்டை மயிரிழை போல மெலிந்து மறைந்துவிடுவதால், பக்கம் அங்கேயே முடிந்துவிட்டது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கீழே இன்னும் இருக்கிறது என்று காட்டாத பக்கமும், பின்கட்டு இருப்பதே தெரியாத வீடும் ஒன்றுதான். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேராகப் பார்வை போகும். திரையும் அப்படி இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மூன்றாம் படி: குறுக்கே வரும் செய்திகளை நிறுத்துதல்

"செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "நோட்டிஃபிகேஷன்ஸ்" என்று சென்று, பக்கத்தின் அடிவரை இறங்கினால் "அடிஷனல் செட்டிங்ஸ்" என்ற வரி இருக்கும். அதற்குள் உள்ள மூன்று கட்டங்களிலும் இருக்கும் குறியை நீக்கிவிடுங்கள். கணினியைத் திறந்தவுடன் "அமைப்பை முடித்துக்கொள்ளலாமா" என்ற பொருளில் முழுத்திரையில் வரும் அழைப்புகள் இவற்றால் குறையும். "பர்சனலைசேஷன்" பகுதியில் "ஸ்டார்ட்" என்பதைத் திறந்து, பரிந்துரைகள் காட்டும் விசைகளையும் அணைத்துவிடலாம்.

நான்காம் படி: கோப்புகளின் இருப்பிடத்தை உறுதிசெய்தல்

இந்தப் படியை அவசரமாகச் செய்ய வேண்டாம். புதிய கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக அமைக்கும்போது, "டெஸ்க்டாப்", "டாக்குமென்ட்ஸ்", "பிக்சர்ஸ்" ஆகிய மூன்று கோப்புறைகளும் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்போடு இணைக்கப்பட்டிருக்கக்கூடும். அப்படி இணைந்திருந்தால், "டாக்குமென்ட்ஸ்" என்று நாம் திறப்பது உண்மையில் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும் "டாக்குமென்ட்ஸ்" ஆகும். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி மட்டுமே என்பதால், பலகாரப் படங்களும் காணொளிகளும் சேர்ந்தால் அது விரைவில் நிரம்பிவிடும். இதைவிட முக்கியமானது மற்றொன்று: இணைந்திருக்கும் கோப்பு ஒன்றைக் கணினியில் அழித்தால் இணையத்திலும் அது அழிந்துவிடும்; இணையத்தில் அழித்தால் கணினியிலும் அழிந்துவிடும். கணினியில் இருப்பது மூலம், இணையத்தில் இருப்பது நகல் என்று எண்ணிக்கொண்டு, இடம் மிச்சமாகட்டும் என்று இணையப் பக்கத்தில் ஒரு கோப்புறையை நானே ஒருமுறை அழித்திருக்கிறேன். தனிநபர் கணக்குகளில் அழித்தவை 30 நாள் வரை ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பதால் மீட்க முடிந்தது. அறியாமை என்னுடையது, ஆனாலும் நகல் எது, மூலம் எது என்று திரையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருந்தால் அந்தத் தவறு நடந்திராது.

இணைய நகல் வேண்டும் என்போர் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது கெட்ட ஏற்பாடு அன்று, வன்தட்டு பழுதானால் அதுவே காப்பாற்றும். வேண்டாம் என்போர், பட்டையின் வலக்கோடியில் உள்ள மேகப் படத்தைச் சொடுக்கி, பற்சக்கரக் குறியின் வழியாக "செட்டிங்ஸ்" சென்று, "சிங்க் அண்ட் பேக்கப்" என்பதில் "மேனேஜ் பேக்கப்" என்பதைத் திறந்து, ஒவ்வொரு கோப்புறைக்கும் உள்ள விசையை அணைக்க வேண்டும். அணைத்தவுடன் கோப்புகள் காணாமற்போனதைப் போலத் தோன்றினால் பதற வேண்டாம். அவை ஒன்டிரைவ் கோப்புறைக்குள்ளேயே தங்கியிருக்கும். அங்கிருந்து அவற்றைக் கணினியின் "டாக்குமென்ட்ஸ்" கோப்புறைக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். பேனா டிரைவ் ஒன்றிலும் வாரம் ஒருமுறை நகல் எடுத்துவைப்பது அவசியம்.

அடுத்து, கோப்புறைகளுக்குப் பயன்படுத்துபவரின் சொற்களிலேயே பெயர் வையுங்கள். விண்டோஸில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆச்சியின் கணினியில் "சிட்டை", "பேரேடு", "ஐந்தொகை", "ஆர்டர்" என்று நான்கு கோப்புறைகள் மட்டும் இருக்கின்றன. ஆச்சியின் மாமனார் கொண்டுவிற்று வணிகம் செய்த காலத்துக் கணக்கேடுகளுக்கு இருந்த பெயர்கள் என்பதால், எதை எங்கே வைப்பது என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோப்புறைச் சாளரத்தின் மேலே "வியூ", "ஷோ" என்று திறந்து "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதற்குக் குறியிடுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் வால்பகுதி இயல்பாக மறைக்கப்பட்டிருப்பதால், "பட்டியல்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் தீய நிரல் ஒன்று "பட்டியல்.பிடிஎஃப்" என்று மட்டும் காட்சியளிக்கும். கடைசி வால் எதுவோ அதுதான் கோப்பின் உண்மையான குலம் கோத்திரம் என்று சொல்லிவையுங்கள்.

கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியல் சுருக்கப்பட்டிருக்கிறது. வெட்டு, நகல், பெயர்மாற்றம் ஆகியவை சிறு படங்களாக ஒரே வரிசையில் நிற்கும். பழைய கட்டளைகள் சில "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் போய்விட்டன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வலப்பொத்தானை அழுத்தினால் பழைய முழுப்பட்டியல் நேராக வரும். இதை நிரந்தரமாக மாற்ற, ரெஜிஸ்ட்ரி எனப்படும் உள்ளமைப்பைத் திருத்தச் சொல்லும் காணொளிகள் நிறையவே கிடைக்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: தமிழ் விசைப்பலகை

"செட்டிங்ஸ்", "டைம் அண்ட் லாங்க்வேஜ்", "லாங்க்வேஜ் அண்ட் ரீஜன்" என்று சென்று, "ஆட் எ லாங்க்வேஜ்" என்பதை அழுத்தி, இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். திரைமொழியைத் தமிழாக்கலாமா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடாமல் விடுவதே என் யோசனை. தமிழ்த் திரையை நான் எதிர்க்கவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் வழிசொல்லும்போது ஆங்கிலப் பெயர்களையே சொல்வார்கள் என்பதுதான் காரணம். நிறுவியபின் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, "லாங்க்வேஜ் ஆப்ஷன்ஸ்", "ஆட் எ கீபோர்டு" வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையைச் சேருங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். "சீயம்" என்று எழுத ச, ஈ, ய, ம, புள்ளி என்று ஐந்து தட்டுகள் போதும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

ஆறாம் படி: அச்சுப்பொறியும் புதுப்பிப்பும்

இரண்டு அச்சுப்பொறிகள் வைத்திருப்பவர்கள், "புளூடூத் அண்ட் டிவைசஸ்" பகுதியின் "பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" பக்கத்தில் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரின்டர்" என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியே முதன்மையாகிவிடும். முகவரிச் சீட்டு அச்சடிக்கும் சிறு பொறிக்கு முழுப்பக்க ரசீது போய்ச் சிக்கிக்கொள்ளும்.

"விண்டோஸ் அப்டேட்" பக்கத்தில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதைத் திறந்து, "ஆக்டிவ் அவர்ஸ்" என்பதைக் கைமுறையாகக் குறியுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறிக்கலாம். அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் செய்துகொள்ளாது. புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோளாறு ஏற்படலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் மின்தடை அறிவித்திருக்கும் நாளில் அதைத் தொடங்க வேண்டாம். புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை தள்ளிப்போட "பாஸ் அப்டேட்ஸ்" என்ற வசதி இருக்கிறது. தீபாவளி ஆர்டர்கள் குவியத் தொடங்கும்போது மூன்று வாரத்துக்கு நிறுத்திவையுங்கள்; கடைசிப் பெட்டி பேருந்தில் ஏறிய மறுநாளே "ரெஸ்யூம் அப்டேட்ஸ்" என்பதை அழுத்திவிடுங்கள்.