விஆர் வேதியியல்: கை தப்பாகப் படிக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் டியூஷன் வகுப்புக்கு நாலு விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட் வந்துவிட்டால் வேதியியல் பாடத்தில் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளை கையில் பிடிக்கும் கைப்பிடி எப்போது அதிர வேண்டும் என்பதையும் சரியாக அமைக்க வேண்டும். கண்ணில் பார்த்ததை மறக்கும் பிள்ளை கையில் உணர்ந்ததை மறக்காது. தப்பாக உணர்ந்தாலும் மறக்காது.

அணுக்களைச் சேர்த்து வைக்கும் பிணைப்பு உடையும்போது கைப்பிடியைப் பலமாக அதிரவிடுவதுதான் பெரிய தவறு. ஏதோ வெடித்த மாதிரி இருக்கும். 'உடைத்தால் ஆற்றல் வரும்' என்று மனத்தில் பதிந்துவிடும். உண்மை தலைகீழ். ஒரு மோல் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் நாம் கொடுக்க வேண்டும். இழுக்க இழுக்க அதிர்வு ஏறி, அறுந்ததும் அடங்கட்டும். பிணைப்பு உருவாகும்போது ஒரு துடிப்பு வையுங்கள். ஆற்றல் வெளிவருவது அங்கேதான்.

சாதாரணக் கைப்பிடி அதிரும், ஆனால் எதிர்த்துத் தள்ளாது. அதிர்வு வெறும் அடையாளம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலை எதிர்த்துத் தள்ளக்கூடிய மேசைக் கருவி வைத்திருந்தால், விசையைத் திரையின் வேகத்தில் கணக்கிடாதீர்கள். திரையில் படம் மாற வினாடிக்கு 72 முதல் 90 தடவை போதும். விரலுக்கு விசையை 1000 தடவை கணக்கிட வேண்டும். குறைந்தால் கருவியின் கை உதறும். அணுக்கள் நெருங்கும்போது விலக்கு விசை மளமளவென்று ஏறுவதால் அதற்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும்.

அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் ஒரு துளி சுமார் 0.05 மில்லிலிட்டர். துளிக்கு ஒரு தட்டு என்று வையுங்கள். விடாமல் ரீங்காரம் போட்டால் நிறம் மாறும் முடிவுப்புள்ளி கைதவறிப் போகும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடம் ரப்பர் பால். பால் துகள்களின் புரதச் சவ்வில் எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் ஒன்றையொன்று விலக்கும். அமிலம் விட்டதுமே துகள்களை ஒட்டவைக்கும் செயலி தவறானது. மின்னேற்றம் நடுநிலையாக வேண்டும், துகள்கள் மோதிச் சவ்வு கிழிய வேண்டும், பிறகுதான் ரப்பர் மூலக்கூறுகள் பின்னிக்கொள்ளும். விலக்கு அதிர்வு படிப்படியாகத் தேயட்டும். பாலை உறையவிடாத அம்மோனியாவை விட்டால் அது தேயவே கூடாது. ஹெட்செட்டைக் கழற்றியதும் உண்மையான பாலில் செய்து காட்டுங்கள்: 20 மில்லிலிட்டர் பால், 0.5 மோலார் எத்தனோயிக் அமிலம் 2 மில்லிலிட்டர். மங்கில் (மரத்தில் கட்டும் கிண்ணத்தில்) வடிந்த பால் கட்டிப்பாலாக உறைவதைப் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் மிச்சத்தை அவர்கள் சொல்லுவார்கள்.

ஏர்கோன் இல்லாத மண்டபத்தில் வியர்வையால் லென்ஸ் மங்கும். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். கழற்றிய ஹெட்செட்டை ஜன்னலோரம் லென்ஸ் வெளியே பார்க்க வைக்காதீர்கள். வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையைப் பொசுக்கிவிடும்.